என் துரைசாணியும் நாலாம் அத்தியாயமும்

சார் சிவப்புப் பேனாவை மூடாமலே மேசைமேல் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு முன்னால் என் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் கிடந்தது. முதல் பக்கத்தில், மூலைக்கு மூலை இழுத்து, பெரிய பெருக்கல் குறி.

"இதை யாரும்மா சொன்னது?"

"எதை சார்?"

"இந்தச் சாப்டர் முழுக்கத்தான். ஒரு ஃபுட்நோட் இல்ல, ஒரு ரெஃபரன்ஸ் இல்ல. எந்த கிரிட்டிக் இப்படிச் சொல்லியிருக்காரு?"

"நான்தான் சார் சொல்றேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். மின்விசிறியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"நீ எப்படிம்மா சொல்ல முடியும்? நீ ரிசர்ச் ஸ்காலர்."

ஆராய்ச்சி மாணவி என்பதால் சொல்லக்கூடாதாம். அப்படியானால் ஏழு வருஷமாக இந்த அறைக்கும் கோவிலம்பாக்கத்து வீட்டுக்கும் நான் எதற்கு அலைந்துகொண்டிருந்தேன்? வாய்வரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, காகிதங்களை அள்ளிக்கொண்டு படியிறங்கினேன். கல்லூரி வாசலில் தாம்பரம் போகிற பஸ் என் கண்ணெதிரே கிளம்பிப் போனது. அன்றைக்கு அதுவும்தான் போகட்டுமே என்று நின்றேன்.

போன வாரம் இந்தத் தொடரில், பீர்க்கன்கரணை ஏரியோரம் நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த ஒரு வாசகர், "சோகமாகவே போகிறது, நீங்கள் டாக்டர் பட்டம் வாங்கிய கதையைச் சந்தோஷமாக எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார். எழுதுகிறேன். சந்தோஷத்துக்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது.

பெயர் சொல்ல மாட்டேன்

என் ஆய்வு ஓர் ஆங்கிலப் பெண் நாவலாசிரியையைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். ஐந்து நாவல்கள் எழுதினார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடலோரச் சிற்றூர் ஒன்றில் வைத்தியராக இருந்த தந்தைக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டே எழுதினார்.

பெயரைச் சொல்ல மாட்டேன். சென்னையின் இந்தத் தென்கோடியில் அந்த அம்மாளைப் பற்றி ஆய்வு செய்த அசடு நான் ஒருத்திதான். அவர் பெயரைச் சொன்னால் என் சார் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் ஓய்வுபெற்று நிம்மதியாக நடைப்பயிற்சி போய்க்கொண்டிருக்கிறார். போகட்டும்.

எங்கள் வீட்டில் அவருக்குத் துரைசாணி என்று பெயர். வைத்தவர் என் மாமனார். பல்லாவரத்துத் தோல் மண்டியில் முப்பது வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். நான் எந்நேரமும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "துரைசாணி இன்னாம்மா சொல்லுது?" என்று கேட்பார். அப்படியே ஒட்டிக்கொண்டது. என் கணவர்கூட, "இன்னிக்கு சாப்பாடு இருக்கா, இல்ல துரைசாணியா?" என்றுதான் போனில் கேட்பார். அவர் ஏசி மெக்கானிக். வெயில் காலத்தில் அவரை நாங்கள் பார்ப்பதே அபூர்வம்.

ஐந்து அத்தியாயச் சட்டம்

எங்கள் பக்கத்தில் ஆங்கில இலக்கிய ஆய்வேடு என்றால் அதற்கு ஐந்து அத்தியாயம். ஆறு கிடையாது, நாலும் கிடையாது. முதலில் முன்னுரை. இரண்டில் வாழ்க்கை. மூன்றில் நாவல்களின் கதைச்சுருக்கம். நாலில் ஏதாவது ஒன்று. ஐந்தில் முடிவுரை, அதாவது முதல் நாலையும் சுருக்கி மறுபடி சொல்வது. தலைப்பின் வாலில் "ஒரு விமரிசன ஆய்வு" என்று இருக்க வேண்டும்.

விமரிசனம் என்று பெயர்தானே தவிர, விமரிசிக்கக் கூடாது. ஒவ்வொரு பத்தியிலும் "இன்னார் கூறுவதுபோல" என்று ஒருவரைக் கூட்டிவர வேண்டும். வெள்ளைக்காரராக இருந்தால் உத்தமம். இறந்திருந்தால் அதைவிட உத்தமம்.

என் முதல் மூன்று அத்தியாயங்களும் இந்த லட்சணத்தில்தான் இருந்தன. நானே சொல்கிறேன், ஒரு வரிகூட என்னுடையது இல்லை. பதினைந்து புத்தகங்களைப் பிரித்துப் போட்டு மறுபடி தைத்திருந்தேன். சார் அவற்றைப் புரட்டிப் பார்த்து, "வெரி குட், நல்லா உழைச்சிருக்கே" என்றார். புரட்டினார் என்றால் நிஜமாகவே புரட்டினார், அவ்வளவுதான். பின்பக்கத்து நூற்பட்டியல் எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

அந்த நாலாம் அத்தியாயத்தை மட்டும் அவர் ஏன் படித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடிக்குறிப்பு இல்லாமல் பக்கங்களின் கீழ்ப்பகுதி வெள்ளையாகத் தெரிந்திருக்கும். அது கண்ணில் பட்டிருக்கும்.

கரண்டிச் சத்தம்

அந்த அத்தியாயம் என்னுடையதாக வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

துரைசாணியின் முதல் நாலு நாவல்களையும் எல்லோரும் புகழ்வார்கள். ஐந்தாவதை மட்டும் எல்லோரும் ஒதுக்குவார்கள். நீள நீளமான அத்தியாயங்கள் எழுதிய கை, அதில் மூன்று பக்கம், நாலு பக்கம் என்று வெட்டி வெட்டி எழுதியிருக்கிறது. இரண்டு பேர் முக்கியமாக ஏதோ பேச ஆரம்பிப்பார்கள். யாரோ கூப்பிடுவார்கள். ஒருவர் எழுந்து போவார். அத்தியாயம் முடிந்துவிடும். வயதாகிவிட்டது, நோய், கண் பார்வை போய்விட்டது, மனம் நிலைகொள்ளவில்லை என்று விமரிசகர்கள் ஒரே குரலில் எழுதிவைத்திருந்தார்கள். நானும் அதைத்தான் எழுதப்போகிறேன் என்று இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. மாமியார் முன்பே காலமாகிவிட்டார். காலையும் மாலையும் நான்தான். கல்லூரியில் எனக்குத் தற்காலிக வேலை, மதியம்வரை வகுப்பு. அந்நேரத்துக்கு மட்டும் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துக்கொள்வார்.

குரல் எடுக்க முடியாது என்பதால் மாமாவின் வலது கை பக்கத்தில் ஓர் எவர்சில்வர் கரண்டியை வைத்திருந்தோம். ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டுவார். தண்ணீர், ஒரு தட்டு. திரும்பிப் படுக்க, இரண்டு தட்டு. டிவி சேனல் மாற்ற, நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருப்பார். மனிதருக்கு எல்லாவற்றையும்விட அதுதான் அவசரம்.

நான் சமையலறையில் ஸ்டூல் போட்டு அந்த ஐந்தாவது நாவலைப் படிப்பேன். ஒரு சாயங்காலம், பருப்பு வெந்துகொண்டிருந்தது. அத்தியாயம் முடிந்தது, கரண்டி தட்டியது. போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த அத்தியாயம். முடிந்தது, கரண்டி. மறுபடி போனேன், வந்தேன். மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பருப்பு அடிபிடித்தது.

அந்த அம்மாளின் கடிதங்கள் என்னிடம் இருந்தன. அந்த நாவலை எழுதிய வருஷங்களில் அவருடைய தந்தையும் படுத்த படுக்கை. மாடி அறையிலிருந்து கைத்தடியால் தரையைத் தட்டி மகளைக் கூப்பிடுவார் என்று அவரே தோழிக்கு எழுதியிருக்கிறார். கீழே சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் அவர் எழுதினார். இதையெல்லாம் விமரிசகர்களும் படித்திருந்தார்கள். ஆனால் அவர்களை யாரும் கரண்டியால் தட்டிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

அது தடுமாற்றம் இல்லை. அந்தத் தட்டலையே அவர் நாவலின் வடிவமாக்கியிருக்கிறார். பெண்கள் எதையும் பேசி முடிக்கவே முடியாத வீட்டை, பேசி முடிக்கவே முடியாத அத்தியாயங்களால் கட்டியிருக்கிறார். சும்மா தோன்றியதை எழுதிவிடக் கூடாது என்று ஒரு நோட்டுப் போட்டு, பாதியில் நிற்கிற பேச்சுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறித்தேன். நாலு மாதம் அதிலேயே போனது.

மாமாவிடம்தான் முதலில் சொன்னேன். கேட்க வேறு ஆள் இல்லை.

"துரைசாணியோட அத்தாவும் உங்கள மாதிரிதான் மாமா. படுத்துக்கிட்டே தட்டுவாராம். அந்தம்மா எழுதறதை விட்டுட்டு ஓடுவாங்களாம்."

அவர் கரண்டியைப் போர்வைமேல் வைத்தார். பேச்சு குழறும், ஆனால் எனக்குப் புரியும்.

"அதுக்கும் பேஜாருதாம்மா," என்றார். பிறகு, "இத்த எழுதிகினு இருக்கியா நீ? எழுது. நான் மெதுவா தட்டறேன்."

மெதுவாகத்தான் தட்டினார், இரண்டு நாள்.

ஏழு வருஷத்தில் என் சொந்தத் தலையில் உதித்தது அந்த ஒன்றுதான். மற்ற நாலு அத்தியாயங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகட்டும், எனக்குக் கவலையில்லை. இது ஒன்று நிற்க வேண்டும், என் பெயரில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

நானே தட்டிய பெயர்

சார் கோடு போட்ட பிறகு, ஒரு சக ஆசிரியை வழி சொன்னார். "முதல்ல கட்டுரையா எங்கயாவது பிரிண்ட் பண்ணிடுங்க. அப்புறம் அதையே ரெஃபரன்ஸா காட்டுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

நான் சொன்னதற்கு நானே சாட்சி. கேட்கவே கேவலமாக இருந்தது. ஆனால் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசி நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. அதைத் தவறவிட்டால் பதிவே ரத்து. பட்டம் இல்லையென்றால் அடுத்த கல்வியாண்டில் வேலையும் இல்லை.

அந்த மாதமே ஒரு கல்லூரியில் தேசியக் கருத்தரங்கு நடந்தது. போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசலில் ஒரு ஜோல்னாப் பை, அதற்குள் ஒரு நோட்டு, எழுதாத பேனா. குத்துவிளக்கு ஏற்றவே பதினொரு மணி. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே அறையில் இருபது பேர் கட்டுரை வாசிக்க, கேட்கிறவர்களும் அதே இருபது பேர். என் முறை வந்தபோது தலைமை தாங்கியவர், "டைட்டிலும் கன்க்ளூஷனும் போதும்மா" என்றார். நாலு மாத உழைப்பை ஒன்றரை நிமிஷத்தில் சொல்லிச் சான்றிதழ் வாங்கினேன். ஆனால் தொகுப்பில் கட்டுரை முழுசாக வந்தது. புத்தகம் குண்டாக இருக்க வேண்டுமே.

இங்கேதான் நான் செய்த காரியம். எங்கள் பக்கத்தில் ஆராய்ச்சி மாணவர் கட்டுரை எழுதினால் வழிகாட்டியின் பெயரை முதலில் போடுவது வழக்கம். யாரும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். பஸ்ஸில் பெரியவர் வந்தால் எழுந்துகொள்கிற மாதிரி கை தானாகச் செய்துவிடும். சார் என்னை வற்புறுத்தவில்லை. அவருக்கு அந்தக் கட்டுரை பற்றித் தெரியவே தெரியாது. நானேதான், என் பத்து விரலால், அவர் பெயரை மேலேயும் என் பெயரைக் கீழேயும் தட்டி அனுப்பினேன்.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தார். "இப்ப ரெஃபரன்ஸ் வந்திருச்சு பார்த்தியா?" என்று சந்தோஷப்பட்டார். நாலாம் அத்தியாயம் உயிர் பிழைத்தது.

கோமதியின் கேள்வி

மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே மேம்பாலத்தை விட்டு இறங்கினால் வரிசையாக ஜெராக்ஸ் கடைகள். அதில் ஒன்றில் கோமதி டைப் அடிக்கிறார். இந்தப் பக்கத்துப் பாதி முனைவர்கள் அவர் கையில் பிறந்தவர்கள். ஆய்வேட்டின் ஓரம் எத்தனை விடுவது, அட்டை எந்த நிறம் என்பதெல்லாம் பல்கலைக்கழகத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆய்வேடு திருட்டு இல்லை என்று நிரூபிக்க ஒரு மென்பொருள் சோதனை உண்டு. வேறு எங்காவது அச்சான வரிகள் இருந்தால் அது சிவப்பு அடித்துக் காட்டும். கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது என் அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. அச்செடுக்கக் கோமதியிடம் போனேன்.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம், போயும் போயும் உங்க சாராண்டயே காப்பி அடிச்சிகீறீங்க?"

நாலாம் அத்தியாயம் தலையிலிருந்து கால்வரை சிவப்பு. கருத்தரங்குத் தொகுப்பை யாரோ புண்ணியவான் இணையத்தில் ஏற்றியிருக்கிறார். மென்பொருள் கண்டுபிடித்துவிட்டது. எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற இடத்தில் சாரின் பெயர். என் பெயர் "மற்றும் ஒருவர்" என்று இருந்தது.

இதில் எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், நான் உண்மையிலேயே பதினைந்து புத்தகங்களிலிருந்து தைத்த முதல் மூன்று அத்தியாயங்களில் பெரிதாகச் சிவப்பே இல்லை. எல்லாவற்றுக்கும் மேற்கோள் குறி இருந்தது. சொந்தமாக யோசித்து எழுதியதுதான் திருட்டு.

"நான்தாங்க எழுதினேன் கோமதி," என்றேன்.

"எனக்குத் தெரியும் மேடம். உங்க கையெழுத்துல இருந்து நான்தான அடிச்சேன். கம்ப்யூட்டருக்குத் தெரியணுமே."

'அவர் கூறுவதுபோல'

அங்கிருந்து நேராக சாரிடம் போனேன். "கட்டுரை என்னோடதுதான்னு ஒரு லெட்டர் குடுத்தா ஏத்துக்குவாங்க சார். ரெண்டு வரி போதும்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்படி எழுதினா, அப்ப உங்க பேரு எதுக்கு முதல்ல இருக்குன்னு கேப்பாங்களேம்மா. இந்தப் பேப்பரை என் புரமோஷன் ஃபைல்ல வெச்சுட்டேன்."

நான் சிவப்படித்த அறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல ஒண்ணும் இல்ல, சிம்பிள். முக்கியமான வரியெல்லாம் கொட்டேஷன்ல போடு. ஆரம்பத்துல என் பேரைச் சொல்லிடு. மீதியைக் கொஞ்சம் வார்த்தை மாத்து. சாஃப்ட்வேர் விட்டுடும்."

"என் கருத்தை உங்க கருத்துன்னு எழுதணுமா சார்?"

இப்போதுதான் அவருக்குக் கொஞ்சம் சுருக்கென்றிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் கைடு என் தீசிஸ்லேருந்து ஒரு சாப்டரையே எடுத்துத் தன் புக்ல போட்டுக்கிட்டாரு. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? டிகிரி வாங்கிட்டுப் போனேன். நீயும் வாங்கிட்டுப் போம்மா."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கடுப்பாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

மூன்று நாள் உட்கார்ந்து மாற்றினேன். "முனைவர் இன்னார் கூறுவதுபோல." "முனைவர் இன்னாரின் நுட்பமான பார்வையில்." இருபத்து மூன்று இடம். ஒவ்வொன்றையும் தட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பார்வை கோவிலம்பாக்கத்தில் அடிபிடித்த பருப்பு வாசனையில் வந்தது என்று எங்கேயும் எழுத முடியாது.

நடுவில் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தேதி சரிபார்க்கப் போனேன். துரைசாணியின் முதல் நாவல் வந்த கதை அங்கே இருந்தது. பதிப்பாளர் அந்த நாவலை அவருடைய சித்தப்பா செப்பனிட்டு வெளியிட்டதாக அச்சிட்டார். பத்திரிகைகள் சித்தப்பாவைப் பாராட்டின. துரைசாணி அதைப் பற்றி எந்தக் கடிதத்திலும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதனால் "இயல்பிலேயே புகழை விரும்பாதவர்" என்று நான் எழுதியிருந்தேன். அதற்கு மூன்று ரெஃபரன்ஸ் வேறு.

விரும்பாதவராம்! யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்? சித்தப்பாவிடமா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த வரியையும் மூன்று ரெஃபரன்ஸையும் சேர்த்து அழித்தேன். அந்த அம்மாளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மறுபடி "முனைவர் இன்னார் கூறுவதுபோல" என்று தட்டினேன். வேறு என்ன செய்ய?

சோதனையில் சிவப்பு போய்விட்டது, கெடு நாளில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று மாமா கேட்டார். "முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சது மாமா. ஆனா அந்தத் தட்டற விஷயத்தை சார் சொன்னதாப் போட்டுட்டேன்."

"அவரு வூட்ல யாரு தட்டினாங்க?"

மாமா அப்புறம் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. சேனலும் மாற்றச் சொல்லவில்லை.

நாற்பது பேருக்கு முன்னால்

வாய்மொழித் தேர்வு என்பது எங்கள் பக்கத்தில் கிட்டத்தட்டக் கல்யாணம். மேடையில் ஃபிளெக்ஸ், அதில் சாரின் படம் பெரிதாக, என் படம் மூலையில். சால்வை, பூங்கொத்து, சமோசா எல்லாம் தேர்வுக்கு நிற்கிறவரின் ஏற்பாடு. முடிவு என்னவென்று தெரியாமலே வாழ்த்துப் பலகை தயார். கேள்வி கேட்க வந்திருப்பவர்கள் "காங்கிராஜுலேஷன்ஸ்" சொல்லிவிட்டுத்தான் கேட்பார்கள்.

என் புறத்தேர்வாளர் வேறு மாநிலத்துக்காரர். மெலிந்த, வயதான பேராசிரியர். பூங்கொத்தை வாங்கிக் கீழே வைத்தார். சால்வையை மடித்து ஓரமாக வைத்தார். நாலு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் பயந்துபோனேன். என் ஆய்வேட்டை முழுசாகப் படித்த முதல் மனிதர் அவர்தான்.

முதல் மூன்று அத்தியாயங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாலாவதைத் திறந்தார். என்னைப் பார்க்காமல் சாரின் பக்கம் திரும்பினார். அங்கே எல்லோரும் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"இந்த அத்தியாயம் முழுக்க உங்கள் கருத்தின் மேல் நிற்கிறது, பேராசிரியரே. அந்த அம்மையார் நோயாளி, கண் பார்வை மங்கியவர் என்பதற்குக் கடிதங்களிலேயே சான்று இருக்கிறது. அதையெல்லாம் தள்ளிவிட்டு, மாடியில் தட்டிய சத்தத்தின் மேல் ஒரு நாவலையே எப்படி நிற்க வைக்கிறீர்கள்? எனக்கு இது உணர்ச்சிவசப்பட்ட வாதமாகத் தெரிகிறது. விளக்குவீர்களா?"

சாரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். மூடினார். ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். நூற்பட்டியல் பக்கத்தில் போய் நின்றார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல சார், அது… ஆக்சுவலி, அது கேண்டிடேட்டோட ஐடியா," என்றார். "முழுக்க முழுக்க அவங்களோடதுதான். நான் பேரு மட்டும்தான் குடுத்தேன்."

ஒலிபெருக்கியில் சொன்னார். கடைசி வரிசைவரை கேட்டது.

நாலு நாள் கெடுவில் இரண்டு வரிக் கடிதமாகக் கேட்டேன், தரவில்லை. இன்றைக்கு அடி விழும் என்று தெரிந்ததும் அட்சரம் பிசகாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் காட்ட முடியாத இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

தேர்வாளர் இப்போது என் பக்கம் திரும்பினார். "அப்படியா? உன்னுடையதா?"

"ஆமாம் சார். என்னுடையது."

"அப்படியானால் நீதான் பதில் சொல்ல வேண்டும். நான் ஏற்கவில்லை என்றால் திருப்பி அனுப்புவேன்."

திருப்பி அனுப்பினால் எனக்கு நீட்டிப்பு இல்லை. ஆனால் பதில் தெரியும். ஏழு வருஷத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"நாவலில் பதினேழு பேச்சுகள் பாதியில் நிற்கின்றன சார். யாரோ கூப்பிட, ஒருவர் எழுந்து போகிறார். திரும்பி வந்ததும் அதைத் தொடர்வதே இல்லை. ஆனால் அந்தப் பேச்சில் சொல்லாமல் விட்டது பின்னால் வேறு ஓர் அறையில், வேறு ஒருவரிடம் சொல்லப்படுகிறது. சில நேரம் நூறு பக்கம் தாண்டி. பதினேழில் ஒன்றைக்கூட அவர் மறக்கவில்லை. நினைவு தடுமாறிய ஒருவரால் இது முடியுமா?"

"பதினேழுமா?"

"பதினேழும். எண்ணியிருக்கிறேன்."

"அந்தப் பட்டியல் ஆய்வேட்டில் இல்லையே?"

"இலக்கிய ஆய்வில் அட்டவணை போடக்கூடாது என்று எடுக்கச் சொன்னார்கள் சார்."

யார் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. முதல் இடம் எது என்று கேட்டார், சொன்னேன். ஒன்பதாவது எது என்றார், சொன்னேன். தன் பிரதியில் பக்கம் தேடிப் பார்த்தார். இப்படியே முக்கால் மணி நேரம். சமோசா ஆறிப்போனது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை," என்றார். "ஆனால் இது ஒரு வாதம். மறுக்க வேண்டுமென்றால் நான் அந்த நாவலை மறுபடி படிக்க வேண்டும். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். பட்டியலை இணைத்துத் திருத்திய பிரதி தர வேண்டும்."

கைதட்டினார்கள். சார் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

திருத்திய பிரதி

மறுநாளே கோமதியிடம் போனேன். முதலில் பட்டியலைச் சேர்த்தோம். அது முடிந்ததும், "நாலாம் அத்தியாயத்தைத் திறங்க," என்றேன்.

இருபத்து மூன்று இடம். "முனைவர் இன்னார் கூறுவதுபோல" என்பதை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு "என் வாதம் இது" என்று போட்டோம். ஆய்வேட்டில் "நான்" வரக்கூடாது, "ஆய்வாளர்" என்றுதான் வர வேண்டும் என்பது இன்னொரு சட்டம். போடுங்கள் "நான்" என்றேன். இந்த வாதம் முன்பு இருவர் பெயரில் ஒரு தொகுப்பில் அச்சானது என்பதை மறைக்காமல் ஒரே ஓர் அடிக்குறிப்பில் சொன்னேன்.

கோமதி தட்டுவதை நிறுத்தினார். "மேடம், சார் கையெழுத்து போடணுமே. பாத்துட்டார்னா?"

"பார்த்தா பார்க்கட்டும்," என்றேன். வீராப்பாகத்தான் சொன்னேன், நூற்பட்டியல் ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

சார் வராந்தாவில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பைண்டு செய்த பிரதியைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, திருத்தச் சான்றிதழை மேலே விரித்தேன். "திருத்தங்கள் அனைத்தையும் வரி வரியாகப் படித்துச் சரிபார்த்தேன்" என்று அச்சடித்திருக்கும், கீழே கையெழுத்து.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேனாவை வாங்கினார். ஒரு கணம் பிரதியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். கடைசிப் பக்கங்களைத் திறந்தார். நூற்பட்டியலைப் பார்த்தார். மூடினார்.

"லிஸ்ட் சேத்துட்டியாம்மா?"

"சேத்துட்டேன் சார்."

"அவ்ளோதானே?"

"அவ்ளோதான் சார்."

கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரையும் குத்தினார். நாலாம் அத்தியாயம் நாற்பது பக்கம். ஒரு பக்கத்தையும் அவர் திருப்பவில்லை. ஏழு வருஷத்தில் அன்று ஒருநாள்தான் அதற்காக எனக்கு எரிச்சல் வரவில்லை.